ஐந்தாம் பாடம் மட்டும் படித்த பங்க்

ஜூன் 9, திங்கள்

மூட்டமாக இருந்தாலும் துணி காய்ந்துவிடும் என்று நம்பி மாடியில் போட்டேன். காயவில்லை.

மாலையில் தம்பி வந்ததும் வராததுமாகச் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஐம்பத்திரண்டு வயதுக்காரன் அழுதுவிடுவான் போலிருந்தது. அவன் ஓட்டும் பள்ளிக்கூட வேன் ஒரு மாதமாக டீசல் அதிகம் குடிக்கிறதாம். பிள்ளைகளை ஏற்றிவிட வந்த அம்மாக்கள் எதிரிலேயே வேன் முதலாளி கேட்டாராம்: "டீசலை வேன் குடிக்குதா, நீ விக்கிறியா?" இந்த மாதம் முடிவதற்குள் காரணம் சொல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டுமாம்.

என் தம்பியா! சின்ன வயதில் என் பென்சிலை எடுத்தால்கூட அரை மணி நேரத்தில் தானே வந்து சொல்லிவிடுவான்.

"மெக்கானிக்கிட்ட காட்டினியா?"

"காட்டிட்டேன்க்கா. இன்ஜின் தங்கம்ங்கிறான்."

போன மாதத்திலிருந்துதான் முதலாளி எல்லா வேனையும் சந்தை ரோட்டு பங்க்கில் டீசல் போடச் சொல்கிறார். அப்படியென்றால்?

ஜூன் 10, செவ்வாய்

"அண்ணி, நீங்க இதுல தலையிட வேணாம்" என்றாள் தம்பி மனைவி. தலையிடுவதென்று முடிவு செய்தேன்.

ஜூன் 12, வியாழன்

வேனில் ஏறித் தம்பியோடு பங்க்குக்குப் போனேன். அளவில் சந்தேகம் இருந்தால் அளந்து காட்டச் சொல்லலாம் என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. கேட்டேன். பங்க் முதலாளி ஓடி வந்தார். காற்றடிக்க வருகிறவருக்கும் கைகூப்புகிற மனிதர். தம்பி அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘வணக்கம்’. அரசு முத்திரை குத்திய ஐந்து லிட்டர் பாத்திரத்தை அவரே தூக்கி வந்தார். ஐந்து லிட்டர் பிடித்தார்கள். டீசல் கோட்டில் வந்து நின்றது. நான் குனிந்து பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கோட்டில்தான் நின்றது.

வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். தப்பு என்றால் கேட்பதுதானே முறை? வணக்கம் எனக்கு நாற்காலி போட்டு, என்ன வேலை பார்த்தேன் என்று விசாரித்து, குளிர்பானம் கொடுத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

ஜூன் 14, சனி

அந்தப் போட்டோவைக் கதவு அகலத்துக்குப் பெரிதாக்கிப் பங்க் வாசலில் மாட்டியிருக்கிறார். ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கியவள் மாதிரி பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நான். கீழே: ‘ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியையே சொல்லிவிட்டார், எங்கள் அளவு சரி!’

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, தம்பி வீட்டுக்கு வரும்வரை. வேன் முதலாளியும் பார்த்துவிட்டாராம். "உங்க அக்காவே சர்டிபிகேட் குடுத்துட்டாங்க. இனிமே என்ன சொல்லப்போற?"

ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்! உதவி பண்றேன்னு போய், பங்க் மேல இருந்த சந்தேகத்தையும் அவன் தலையிலயே கட்டிட்டு வந்திருக்கேனே.

ஜூன் 15, ஞாயிறு

தம்பி இன்று என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது "உப்பு" என்றான். அதைப் பேச்சில் சேர்க்க முடியாது.

ஜூன் 17, செவ்வாய்

வெங்காயம் உரிக்கும்போது பழைய வெட்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. வேலையில் சேர்ந்த முதல் வருடம். பள்ளி ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றார்கள். அவர் எப்போதும் ஐந்தாம் பாடத்தில்தான் கேட்பார் என்று மற்ற டீச்சர்கள் சொன்னதை நம்பி, இரண்டு வாரம் பிள்ளைகளுக்கு அதையே உருப்போட வைத்தேன். வந்தார், ஐந்தாம் பாடத்தில் கேட்டார், வகுப்பே பொரிந்து தள்ளியது. என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். ஆறாம் பாடத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் மானம் போயிருக்கும்.

கத்தியைக் கீழே வைத்தேன்.

பங்க்கில் சோதித்துப் பார்க்கிறவர் எவரும் எவ்வளவு பிடிப்பார்? பாத்திரம் ஐந்து லிட்டர், அதனால் ஐந்து. தம்பி போடுவது இருபது!

ஜூன் 18, புதன்

எடையளவு ஆய்வாளரின் அலுவலகம் மூன்றாவது மாடியில். முழங்காலுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஆய்வாளர் முப்பத்தைந்து வயதுப் பெண், மேசையில் கோப்புகளுக்கு நடுவே தலை மட்டும்தான் தெரிந்தது.

"போன மாசம் நானே அங்க அளந்தேன் டீச்சர். அஞ்சு லிட்டர், கச்சிதமா இருந்துச்சு."

"அதைத்தாம்மா சொல்றேன். வருஷா வருஷம் அதே கேள்வியைக் கேட்டா, அந்த ஒரு பதிலை மட்டும் படிச்சு வச்சிருக்க மாட்டானா?"

பேனாவை மூடினார்.

"நாளைக்கு வேன் எத்தனை மணிக்குக் காலியா வரும்?"

ஜூன் 19, வியாழன்

செருப்பைக் கழற்றியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

பிள்ளைகளை இறக்கிவிட்ட வேனில், கடைசி இருக்கையில் ஆய்வாளர். என்னைக் கண்டதும் வணக்கத்துக்கு வாயெல்லாம் பல். "டீச்சரம்மா, இன்னொரு போட்டோ எடுத்துடலாமா?"

"எடுக்கலாமே. இருபது லிட்டர் போடுங்க. பாத்திரத்துல பிடிச்சுப் பிடிச்சு வேன்ல ஊத்துவோம். நடுவுல குழாயை மட்டும் திருப்பி மாட்டக் கூடாது, மாட்டினா மெஷின் மறுபடி முதல்லேர்ந்து எண்ண ஆரம்பிச்சிடும்."

சிரிப்பு பாதியில் நின்றது. அதற்குள் ஆய்வாளர் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டார்.

மெஷின் ஐந்து காட்டியதும் நிறுத்தினோம். டீசல் கோட்டில் நின்றது. வேனில் ஊற்றினோம். பத்து காட்டியபோது பாத்திரத்தில் அரை லிட்டர் குறைவு. பதினைந்தில் அதே குறைவு. இருபதிலும் அதே.

"மெஷின் சூடாயிடுச்சு மேடம்..."

"அஞ்சு லிட்டர் வரைக்கும் சூடாகாதா?" என்றார் ஆய்வாளர்.

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் சத்தமாகக் கூட்டினார்: "இருபதுக்குப் பதினெட்டரை!" மெஷினைத் திறந்தால் உள்ளே நகத்தளவு ஒரு எலக்ட்ரானிக் சில்லு, ஐந்து லிட்டர் தாண்டியதும் அளவைக் குறைக்கத் தனியாக ஒட்டவைத்தது. மெஷினுக்குச் சீல் வைத்தார்கள். தம்பி வேன் படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஜூன் 26, வியாழன்

ஆய்வாளர் ஃபோன் செய்தார். இப்போதெல்லாம் சோதனைக்குப் போனால் ஏழு, பதிமூன்று, பத்தொன்பது என்று வாய்க்கு வந்த அளவைக் கேட்கிறார்களாம். இன்னும் இரண்டு பங்க் மாட்டிக்கொண்டன. "அடுத்த வாரம் எந்த எண் கேக்கலாம் டீச்சர்?" ஃபோனில் சொல்ல மாட்டேன் என்றேன். கேள்வித்தாள் வெளியே போகக் கூடாது.

ஜூன் 30, திங்கள்

வேன் முதலாளி வீட்டுக்கே வந்தார். தம்பி சாவியை மேசையில் வைத்தான். அவர் அதை அவன் பக்கம் தள்ளிவிட்டு, "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, மன்னிச்சுக்குங்க" என்று முணுமுணுத்தார்.

அடுப்படியிலிருந்து தம்பி மனைவி: "இங்க கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

சொன்னார்.

"நாளைக்கு அந்த அம்மாங்க முன்னாடியும் இதே சத்தத்துல சொல்லிடுங்க" என்றாள். சொல்வதாக ஒப்புக்கொண்டுதான் போனார்.

ஜூலை 1, செவ்வாய்

காலை ஆறு பத்துக்கு வேன் கிளம்பியது. வழியனுப்பிவிட்டு வந்து தம்பி மனைவி மறுபடி படுத்தாள். மணி எட்டாகிறது, இன்னும் தூங்குகிறாள். மூன்று வாரமாகத் தூங்காத தூக்கம். எழுப்பவில்லை, காப்பியை நானே போட்டுக்கொண்டேன்.