முந்திக்கொண்ட உப்பு

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருப்பாய் என்று நம்புகிறோம். நேற்று நீ போனில் சொன்ன சேதியைக் கேட்டதிலிருந்து சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. போன வாரம்தான் அழுதாய், நீ செய்த கிண்ணம் மாதிரி மூலக்கூறு தண்ணீருக்குள் ஒருநாள் மருந்தைப் பிடிக்கிறது, மறுநாள் பிடிக்கமாட்டேன் என்கிறது, இந்த மாதத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் நாலு வருஷ ஆராய்ச்சியை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் பேராசிரியர் என்று. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், அதற்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இப்போதல்லவா விஷயம் தெரிகிறது. கரைசலில் போடுகிற உப்பு பாட்டிலில் தீர்ந்தபோதெல்லாம் பக்கத்தில் இருந்த வேறு உப்பை எடுத்துப் போட்டிருக்கிறாய். உப்பு கரைந்தால் இரண்டாகப் பிரியுமாம், அந்தத் துண்டுகளில் சிலதைத் தண்ணீர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், சிலதைத் தொட்டும் தொடாமலும் வைத்திருக்கும், அப்படிப்பட்டது நழுவிப் போய் உன் கிண்ணத்தில் உட்கார்ந்துகொண்டது, பஸ்ஸில் இடம் கிடைக்காதவன் மாதிரி மருந்து வெளியே நின்றது. சரியாகச் சொன்னேனா? சாயப்பட்டறையில் ஆறு பேருக்கு இதை விளக்கினேன், பாய்லர்காரர்தான் சாயம் ஆறுதுண்ணே, மொதல்ல அதப் பாருங்க என்றார்.

கெட்டுப்போன கணக்கு என்று நீ நோட்டில் ஒதுக்கி வைத்ததையே, தண்ணீரிலும் உப்பைப் பிடிக்கிற கிண்ணம், இதுதான் கண்டுபிடிப்பு என்று பேராசிரியர் தூக்கிவைத்துக்கொண்டாராமே. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடாதே. ஆனால் உப்பை ஏன் மாற்றினாய் என்று அவர் கேட்டதற்கு, எங்கப்பா எப்பவும் உப்புன்னா உப்புதான், எதப் போட்டா என்னன்னு சொல்லுவாரு என்றாயாம். பட்டறையில் சாயம் பிடிக்கப் போடுகிற உப்பைப் பற்றி இருபது வருஷமாக அப்படித்தான் சொல்லி வருகிறேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. குடை எடு, மெதுவாகப் போ, சீக்கிரம் படு என்று எத்தனை சொல்லியிருப்பேன், ஒன்றையாவது காதில் வாங்கினாயா? நான் சொன்னதில் நீ கேட்டது இது ஒன்றுதான், அதுவும் தப்பு, ஆனாலும் கேட்டாயே.

நீ நூறு வயசு நன்றாயிருக்க வேண்டும். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடு. இதைச் சொல்வது நானல்ல, அம்மா, அதனால் தைரியமாகக் கேட்கலாம்.

இப்படிக்கு,
இன்று காலை உப்பு மூட்டைகளுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டிய
உன் அப்பா