யோகமலர் பேருக்கு வந்த தபாலட்டைகள்

அக்கரப்பத்தனை
12.10.2004

அன்பு மகள் யோகமலருக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இருமலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நோர்வே குளிரில் சுகமாக இருக்க வேண்டும். ஆறு வாரமாக உன்னிடமிருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை. கோபம் என்று தெரியும், ஆனால் நான் என்ன தப்புச் செய்தேன் என்பதுதான் இன்னும் முழுசாக விளங்கவில்லை. விளங்கிய மட்டும் எழுதுகிறேன், பிழையானால் திருத்து.

நீ பேராதனையில் படித்த காலத்தில், கம்ப்யூட்டர் திரையில் பொத்தான், பெட்டி, பட்டியல் எல்லாம் வரைந்து கொடுக்கிற ஏதோ ஒன்றை எழுதி, பொழுதுபோக்குக்காகப் புரோகிராம் எழுதுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று சும்மா கொடுத்தாய். பிடித்திருந்தால் ஒரு தபாலட்டை போடுங்கள் என்று நம் தேயிலைத் தோட்டத்து விலாசத்தையும் அதில் எழுதி வைத்தாய். ஏழு வருசமாக அட்டை வந்தபடி இருக்கிறது. முதல் அட்டை வந்தபோது அம்மா பயந்தே போனாள், "யாருன்னே தெரியாத ஆம்பளைங்க எதுக்குங்க நம்ம புள்ளைக்கு எழுதுறாங்க" என்று. பள்ளிக்கூடத்து யாழ்ப்பாண மாஸ்டர் சிவபாதம் படித்துப் பார்த்து, "பயப்பிடாதேங்கோ, நன்றி சொல்லித்தான் எழுதியிருக்கினம்" என்றார். எதற்கு நன்றி என்று கேட்டேன், அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கொடுத்து முடித்த சாமானுக்கு ஏன் வருசா வருசம் வேலை இருக்கிறது என்பதும் எனக்குப் புரிந்ததில்லை. புதுக் கம்ப்யூட்டர் வர வர அது பழசாகிறது, ஒவ்வொரு தடவையும் நான்தான் உட்கார்ந்து சரிபண்ண வேண்டும் என்றாய்.

போன ஆடியில், மணிக்கட்டு வலி தாங்கவில்லை, இதை விட்டுவிடப் போகிறேன், இனி வரும் அட்டைகளை அடுப்பில் போடுங்கள் என்று போனில் அழுதாய். எனக்கு மனசு கேட்கவில்லை. நம் தோட்டத்தில் ஒருத்தர் வேலையிலிருந்து விலகினால் சும்மா நின்றுவிட முடியுமா, மகனுக்கோ மருமகளுக்கோ பேரைக் கொடுத்துவிட்டுத்தானே விலகுகிறோம், இல்லாவிட்டால் தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்துக் காம்பராவும் கையை விட்டுப் போய்விடுமே. அதனால் மாஸ்டரைக் கொண்டு, அட்டை போட்ட ஜெர்மனிக்காரர் ஒருவருக்கு இங்கிலீசில் எழுதினேன். என் மகளுக்குக் கை வலி, அவள் விலகுகிறாள், எங்கள் குடும்பத்தில் இந்த வேலை தெரிந்த ஆள் இல்லை, உங்களில் தகுந்தவர் இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று. அவர் அதை இன்டர்நெட்டில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் போடுவார் என்று நான் கண்டேனா? "யாரக் கேட்டுப்பா எழுதுனீங்க, நான் இன்னும் முடிவே பண்ணலையே" என்று மாஸ்டர் வீட்டுப் போனில் கத்தினாய். விடுகிறேன் என்று அழுததும் நீ, முடிவு பண்ணவில்லை என்று கத்தியதும் நீ. எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை, "அவளுக்கே தெரியாதுங்க" என்கிறாள் அம்மா.

அதற்குப் பிறகு பதினாலு அட்டை வந்துவிட்டது. பத்துப் பேர் உன் கை சுகமாக வேண்டும் என்கிறார்கள். மூன்று பேர் நாங்கள் எடுத்துச் செய்கிறோம் என்கிறார்கள். பிரேசிலில் ஒரு பஸ் டிரைவராம், உங்கள் மகள் விலக வேண்டாம், கை ஆறும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன், பிறகு சேர்ந்து செய்வோம் என்று எழுதியிருக்கிறார். சேர்ந்து செய்யலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இந்த நாலையும் இதோடு வைத்திருக்கிறேன், கொடுப்பதா வேண்டாமா என்று நீயே பார். நான் இனி யாருக்கும் எழுத மாட்டேன், சத்தியம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் மகளே. யாரிடம் கொடுத்தாலும் நம் விலாசத்தை மட்டும் எடுக்கச் சொல்லாதே. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிட்டு முடித்ததும், கணக்குப்பிள்ளை அங்கேயே தபாலையும் பேர் சொல்லிக் கொடுக்கிறார். "வீரய்யா மக யோகமலர்" என்று அவர் கூப்பிட்டால், அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு "இருக்காங்க" என்கிறாள். நீ போய் ஐந்து வருசமாகிறது, இன்னும் அவள்தான் பதில் சொல்கிறாள்.

மாரியம்மன் உன் கையைக் காப்பாற்றட்டும், இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். நாங்கள் அனுப்பிய எண்ணெயைச் சூடாக்கித் தேய்க்க மறக்காதே, கொழுந்து பறித்து வலித்த அம்மா கையைக் குணமாக்கிய எண்ணெய் அது. கோபம் ஆறாவிட்டாலும் நீயும் ஒரு தபாலட்டை போடு, அது எங்கள் பேருக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒன்றும் விளங்காமல் காத்திருக்கும் அப்பா
க. வீரய்யா