இந்திப் பரீட்சைக்கு வந்த வீடு

போர்ட் பிளேயர்,
12 பிப்ரவரி 1961

அன்புள்ள சந்திரமதிக்கு,

இங்கு நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

போன வாரம் ஆபீஸில் எங்களுக்கு இந்திப் பரீட்சை. ஐம்பத்திரண்டு வயதில் இது ஒரு கூத்து. வாத்தியார் பத்துச் சொற்களை வாசிப்பார். அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பக்கத்து மேஜை பன்னீர்செல்வம் சின்ன வயது, காலை ஆட்டிக்கொண்டே சொல்லிவிட்டான். எனக்கோ ஒரு சொல்லை மனதில் நிறுத்தி வைக்கவே தலை முழுவதும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் ஒவ்வொன்றையும் நம் வீட்டுச் சாமானோடு கட்டிப் போட்டேன். பால்டிக்குக் கிணற்றடி வாளி, சாபிக்கு உன் இடுப்புச் சாவி. நன்றாகத்தான் போயிற்று. கதவுக்கு அவர்கள் சொல்லும் தர்வாஜா வந்ததும், நம் வாசல் கதவில் நீ சாய்ந்து நின்றாய். அடுத்த சொல் வரவில்லை.

"ஆகே போலியே, பக்தவத்சலம்ஜி" என்று மேலே சொல்லச் சொல்லி வாத்தியார் அவசரப்படுத்தினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துச் சமாளித்தேன்.

வெளியே வந்ததும் பன்னீர்செல்வம் சிரித்தான். "என்னண்ணே, மூட்டை தூக்கினாப்ல வேர்த்திருக்கு?"

"தூக்கிக்கிட்டுத்தாம்ப்பா வர்றேன்" என்றேன்.

பாஸாகிவிட்டேன், கவலைப்படாதே. அலுப்புதான் இன்னும் போகவில்லை.

வல்லாரைப் பொடி கொஞ்சம் இடித்து அனுப்பு. கப்பலுக்குத் தபால் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். பொங்கலுக்கு வாசல் கதவுக்கு வேறு வண்ணம் அடித்ததாகப் பையன் எழுதியிருந்தான். என்ன வண்ணம் என்று எழுது. என் தலைக்குள் இன்னும் பச்சைதான் இருக்கிறது.

உன்
பக்தவத்சலம்