இரண்டு ஏர்பிரஷ், ஒரே மதிப்பெண்

ஆகஸ்ட் 4

படகில் துரு மட்டும்தான் பாக்கி. நங்கூரத் துளையில் தொடங்கி, மேலே சற்றுத் தடித்து, இறங்க இறங்கத் தலைமுடியாக மெலிய வேண்டும். மற்ற நிறங்களுக்கெல்லாம் டேப் ஒட்டி விளிம்பு பிடித்துவிட்டேன். துருவுக்கு டேப் ஒட்ட முடியாது. கைதான் போயாக வேண்டும்.

மைத்துனர் முப்பத்தொரு வருடம் இன்ஜின் அறையில் நின்ற இழுவைப் படகு. அதன் மாதிரியை முழ நீளத்தில் செய்திருக்கிறேன். முப்பதாம் தேதி அவர் ஓய்வு பெறுகிறார். அன்று கொடுக்க வேண்டும்.

படகில் கை வைக்குமுன் கட்டம் போட்ட தாளில் பத்துக் கோடு அடித்துப் பார்ப்பேன். ஓரத்தில் தேதி, சிவப்பு மையில் மதிப்பெண். அறிவியல் வாத்தியாரின் பழக்கம், ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. இன்று பத்துக்கு ஐந்து. கோடு நடுவில் நெளிகிறது. காற்றோடு பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் பழசு, ஊசி 0.3 மில்லிமீட்டர். இன்னும் மெல்லிய ஊசி வேண்டும்.

ஆகஸ்ட் 6

கடைக்குப் போனேன்.

“எவ்வளவு மெல்லிசா வேணும் சார்?”

“தலைமுடி மாதிரி.”

“யாரு தலைமுடி? என்னோடதுன்னா கடையில ஸ்டாக் இல்ல,” என்று வழுக்கையைத் தடவிக்கொண்டார் கடைக்காரர்.

இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று 0.2 ஊசி; பேனா போலப் பிடித்து, ஒற்றை விரலால் விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். இன்னொன்று அதே பழைய 0.3 ஊசிதான், ஆனால் கைத்துப்பாக்கி போன்ற பிடி. நாலு விரலும் சேர்ந்து இழுக்கலாம்.

“துப்பாக்கியெல்லாம் சின்னப் பசங்களுக்கு,” என்றேன்.

“0.2 நல்லாத்தான் இருக்கும். பெயிண்ட் பால் மாதிரி இருக்கணும், இல்லேன்னா மூக்கடைச்சுக்கும். ஒண்ணு சொல்லவா சார்? மெல்லிசுங்கிறது பாதி ஊசியில, பாதி விரல்ல. இங்கயே ஒரு கோடு போட்டுப் பாருங்களேன்.”

“வீட்ல பாத்துக்கறேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வாங்குவதற்கு முன் சோதித்துப் பார் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்!

ஆகஸ்ட் 7

புதிய 0.2. பத்துக்கு ஐந்து. புதுச் செருப்பு கடிப்பதில்லையா, அதுபோல. பழக வேண்டும்.

ஆகஸ்ட் 9

பெயிண்டை நீர்க்கவைக்கும் தின்னரைக் கூட்டினேன். காற்றழுத்தத்தைக் குறைத்தேன். ஊசியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பத்துக்கு நான்கு. கோடு மெலிந்திருக்கிறது, உண்மைதான். மெல்லிய கோட்டில் நெளிவு இன்னும் நன்றாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 10

காலையில் தேநீர்க் கோப்பை சாசரில் கடகடவென்று சத்தம் போட்டது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். சட்டென்று மேசையில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

அண்ணனுக்கும் நடுக்கம் கையில்தான் ஆரம்பித்தது. ஆறே வருடத்தில் அண்ணிதான் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். எட்டாவது வருடம் என் பெயரைச் சொல்ல வாயெடுத்து, முடியாமல், சிரித்தான்.

இல்லை. இது பெயிண்ட் கோளாறு. நாளை வேறு தின்னர்.

ஆகஸ்ட் 16

போச்சு.

இன்றைக்குப் படகிலேயே அடித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். ஊசி முனையில் பெயிண்ட் காய்ந்து அடைத்துக்கொண்டது. வரவில்லையே என்று விசையை இன்னும் இழுத்தேன். விரல் துள்ளியது. அடைப்பு விட்டு மொத்தமும் படகின் மேல்தள அறையின் வெள்ளைச் சுவரில் பாய்ந்தது. நடுவில் திட்டு, சுற்றிலும் சிலந்திக் கால்கள். அப்படியே விட்டிருக்கலாம். காய்ந்தபின் மேலே வெள்ளை அடித்தால் மறைந்திருக்கும். யார் கேட்டார்கள்? தின்னரைத் தொட்டுத் துடைத்தேன். பழுப்போடு வெள்ளையும் உரிந்து பிளாஸ்டிக் தெரிகிறது. அஞ்சு மாச வேலை!

“என்னங்க ஆச்சு?” என்று ஓடி வந்தாள்.

“ஒண்ணுமில்ல போ! எல்லாம் இந்தச் சனியன் புடிச்ச பிரஷ்ஷால!”

அவள் போய்விட்டாள். கத்தியிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 17

மத்தியானம் தூங்கி எழுந்து வந்தால், சாப்பாட்டு மேசை முழுவதும் என் சோதனைத் தாள்கள். மார்ச் மாதத்திலிருந்து தேதி வரிசைப்படி அடுக்கியிருக்கிறாள். அலமாரியில் பூட்டியா வைத்திருந்தேன்?

“மார்ச்சுல ஒம்பது. மே மாசம் ஏழு. ஜூலையில அஞ்சரை. அந்த அரை எதுக்கு, கருணையா?” என்றாள்.

தாள்களை அள்ளப் போனேன்; கையைத் தட்டிவிட்டாள்.

“இதெல்லாம் பழைய பிரஷ். இது புதுசு. ரெண்டுலயும் ஒரே இடத்துல கோணுது பாருங்க. ஒரு கேள்வி கேக்கறேன். பரீட்சையில ரெண்டு பசங்க ஒரே தப்பை ஒரே மாதிரி எழுதியிருந்தா என்ன சொல்வீங்க?”

“ரெண்டு பேரும் ஒரே ஆளப் பாத்து எழுதியிருக்காங்கன்னு...”

“அந்த ஆளு யாரு?”

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை — இதுதான் என் பாடம். பெயிண்டை மாற்றினேன், அழுத்தத்தை மாற்றினேன், ஊசியை மாற்றினேன். மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று. அதைப் பட்டியலில் எழுதவே இல்லை.

“தட்டைச் சுத்தி சாதம் சிந்தறது எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்,” என்றாள். ஏற்கெனவே வரிசையாக இருந்த தாள்களை மறுபடி மறுபடி அடுக்கினாள். இத்தனை நாள் அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 18

டாக்டரிடம் வரமாட்டேன் என்றேன். நேரம் கேட்டு வாங்கிவிட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை.

ஆகஸ்ட் 21

டாக்டரம்மாவுக்கு நான் பாடம் எடுத்த மாணவிகளின் வயதுதான் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, நத்தை ஓடு மாதிரி உள்ளிருந்து வெளியே சுற்றிக்கொண்டே வரையச் சொன்னார். எனக்கே சோதனைத் தாள்! வரைந்தேன். மதிப்பெண் போட்டிருந்தால் மூன்று.

அவள் பையிலிருந்து என் தாள்களையும் எடுத்து நீட்டி, என் அண்ணனைப் பற்றியும் சொன்னாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இவ்வளவு ஒழுங்கா யாரும் கணக்கு வச்சு நான் பாத்ததில்ல சார்.”

பிறகு கையை மடியில் சும்மா வைக்கச் சொன்னார். வைத்தேன். அசையவில்லை. ஒரு கோப்பையைத் தூக்கச் சொன்னார். நடுங்கியது.

“உங்க அண்ணனுக்கு எப்போ நடுங்கும்?”

“சும்மா உக்காந்திருக்கும்போது. ஏதாவது கையில எடுத்தா கொஞ்சம் நிக்கும்.”

“உங்களுக்கு நேர்மாறு.”

நடக்கவிட்டார், கைகளை மடக்கி நீட்டிப் பார்த்தார். இது அண்ணனுக்கு வந்த நோய் மாதிரி தெரியவில்லை என்றார். நடுக்கம் முழுக்கப் போகாது, மாத்திரை கொஞ்சம் அடக்கும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

வெளியே வந்து, செருப்பை மாட்டாமல் அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 23

மறுபடி கடை. “அந்தத் துப்பாக்கிய எடுங்க,” என்றேன். “கை நடுங்குது, இங்கயே ஒரு கோடு போட்டுப் பாக்கறேன்.”

கடைக்காரர் உடனே எடுத்து நீட்டினார். முழங்கையை மேசையில் ஊன்றச் சொன்னார். பின்பக்கத் திருகாணியைத் திருகி, விசை கொஞ்ச தூரத்துக்கு மேல் வராதபடி நிறுத்தினார். விரல் துள்ளினாலும் பெயிண்ட் பாயாது. அதே 0.3 ஊசி. தலைமுடி அளவுக்கு வரவில்லை. தையல் நூல் அளவுக்கு வந்தது. போதும்.

ஆகஸ்ட் 25

வெள்ளைச் சுவரைத் தேய்த்து மறுபடி அடித்தாயிற்று. சோதனைத் தாளுக்கு ஆறு போட்டேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, கீழே ‘பெற்றோர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆகஸ்ட் 30

மைத்துனர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் படகின் மூக்கையே பார்த்தார்.

“மாப்பிள்ளை, இந்தப் பக்கத் துரு நேரா எறங்காது, கோணிக்கிட்டுத்தான் எறங்கும். அலை அடிக்கிற பக்கம். படகுல கால் வைக்காத ஆளு, எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்டுபுடிக்கல மச்சான். கை நடுங்குது. அதான் கோணிருச்சு.”

அவர் படகைக் கீழே வைக்கவில்லை. “நடுங்கட்டுமே. என் இன்ஜின் முப்பத்தொரு வருஷமா நடுங்கிச்சு. ஒரு கப்பலயாவது பாதியில விட்டுட்டு வந்திருக்கா?”

செப்டம்பர் 2

காலையில் தேநீரை நானே கூடத்துக்கு எடுத்துப் போனேன், அவளுக்கும் சேர்த்து. சாசர் சத்தம் போட்டது. போடட்டும்.