டேங்கில் ஊற்றிய தீர்த்தம்

புத்தூர். ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், செவ்வாய்.

நகரிப் பக்கத்துப் பெரியவர் முனிரத்தினம், கிளம்பாமல் நின்றுபோன மகனுடைய காரை டிராக்டரில் கட்டி என் மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்து வந்தார். மகன் குவைத்தில் டிரைவர். கொஞ்ச நாளாக போன் இல்லையாம்.

எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கையும் கழற்றினேன். உள்ளே தண்ணீர், துரு. அதில் பச்சைக் கற்பூர வாசனை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“பெட்ரோல் டேங்க்ல தண்ணி ஊத்தினது யாரு?”

“நான்தான் நைனா. திருமலைத் தீர்த்தம். தாகமா கீதுன்னு பையன் கனவுல வந்து கேட்டுக்கினே கீறான். வாயில ஊத்தலாம்னா ஆளு இங்க இல்ல. அவன் கை பட்டது இந்த வண்டிதான்.”

உயிர் போகிற நேரத்தில் வாயில் விடுவதை டேங்கில் விட்டிருக்கிறார். அதற்குமேல் திட்ட முடியவில்லை.

டேங்கைக் கழுவி, இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து மாட்டினேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஸ்குரூடிரைவர் முனையை ஒவ்வொன்றின் மேலும் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்டேன். நான்கும் டிக் டிக் என்று சரியாக அடித்தன. எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், பெரியவர் என்னைப் போலவே ஸ்குரூடிரைவரில் காதை வைத்துக் குனிந்திருக்கிறார்.

“போதுமாடா?” என்று எஞ்சினிடம் மெதுவாகக் கேட்டார்.

நின்ற எஞ்சினில் ஒன்றும் கேட்காது என்று காட்டத்தான் அதை வாங்கி நானும் காதில் வைத்தேன். உள்ளே யாரோ மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம்.

வண்டியை நாளைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார். ஷெட்டுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சுவரை ஒட்டிக் காதை வைத்துப் படுத்தே எனக்குப் பழக்கம். இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.