என் பேருக்கு ஒரு கோலம்

தான்சேன் நகரம்

அன்புள்ள ஹிராமாயாவுக்கு,

நான் சுகம். உன் இடுப்பு வலி தேவலையா? ஈர மண்ணை இன்னும் நீயேதான் மிதிக்கிறாயா?

இங்கே சூளை வைக்கோல் குப்பென்று பற்றியதில் என் மீசை பாதி போய்விட்டது; சிரித்துக்கொள். விடிகாலையில் சாம்பலுக்குள் அகல்கள் தூங்குவதைப் பார்த்தால், கனவில் நம் ஊர் திமியில் வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

ஆளுக்கொரு கோலம் போட்டு அவரவர் உடம்பையே கும்பிடுவோமே, வரப்போகிற அந்தப் புத்தாண்டு உடல் பூஜைக்கு நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா கூப்பிட்டாள். "வாங்கண்ணே, உங்களுக்கும் ஒரு கோலம் போட்டு விளக்கேத்திடறேன்."

"வேணாம்மா. ஊர்ல இல்லாதவனுக்கும் வீட்டுல ஒரு கோலம் உண்டே! என் பொண்டாட்டி போட்டுடுவா. ஒரு உடம்புக்கு ரெண்டு போட்டா உசிரு எதுல போயி உக்காரும்?" என்றேன்.

புறப்பட்ட அன்று சண்டையில் நீ முகம் கொடுத்தே பேசவில்லை. இருந்தாலும், உன் கோலத்துக்கும் நம் பானைச் சக்கரத்துக்குப் போடும் கோலத்துக்கும் நடுவில் எனக்கொன்று போடு. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார்.

அந்த அம்மாளிடம் என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

பஞ்சநாராயண்