சண்டை வராத தலைப்பு

கரமனை,
10.9.2025

அன்புள்ள நாச்சியாருக்கு,

வாட்ஸாப் இருக்கக் கடிதம் எதற்கு என்று முணுமுணுக்காதே. அதில் எழுதினால் நீ உடனே வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாய். காலேஜ் காலத்திலிருந்தே உனக்குப் பதில் சொல்லாவிட்டால் எனக்கு வாய் துறுதுறுக்கும். என் தொண்டையில் ஒரு கட்டி; அதிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரும்வரை பேசக்கூடாதாம். என் கணவர்தான் காவல். "பத்மா, வாயெத் தொறக்கப்படாது, கேட்டியா" என்று மணிக்கொரு தரம் சொல்கிறார். கல்யாணமான நாளிலிருந்து வெங்கிடேஷுக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததில்லை.

பயமாக இருக்கிறதடி. புற்றாக இருந்தால் குரலே போய்விடலாம் என்கிறார்கள். நம் பாட்காஸ்டின் அடுத்த தொடருக்கு, நீ தனியாகப் பேசும்படி ஒரு தலைப்பு எடுத்துக்கொள். சமையல் நல்லது. நான் இல்லாமலும் ஓடும்.

உன்,
பத்மஜா

விழிஞ்ஞம்,
13.9.2025

அன்புள்ள பத்மாவுக்கு,

படித்துவிட்டு முதலில் அழுதேன், பிறகு கோபம் வந்தது. சமையலாம்! மீன்குழம்பு வைக்கும் நானும், சாம்பாரில் வெங்காயம் கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்கும் நீயும் மோதிக்கொள்வதைக் கேட்கத்தானே ஜனம் வருகிறது?

ஆனாலும் நீ சொன்னாயே என்று தனியாக உட்கார்ந்து பதிவு செய்து பார்த்தேன். புளியைப் பற்றிப் பேசினேன். நான் சொன்னதற்கெல்லாம் நானே தலையாட்டினேன். மறுக்க ஆளில்லாமல் பேச்சு பாதியில் படுத்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "ஏட்டி, இது செய்தி வாசிக்க மாதிரில்லா இருக்கு" என்றார். அழித்துவிட்டேன்.

நீ இல்லாமல் தலைப்பும் இல்லை, தொடரும் இல்லை. முடிவு நல்லபடி வரும். வராவிட்டாலும் நான் இருக்கிறேன்.

உன்,
நாச்சியார்

கரமனை,
18.9.2025

என் நாச்சியாரே,

"ஒண்ணுமில்லா, பேடிக்கண்டா" என்றார் டாக்டர், பயப்பட ஒன்றுமில்லையாம். புற்று இல்லையடி! வெறும் தடிப்புதான். என்னைக் காவல் காத்த சூரர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், சத்தம் வராமல்.

கத்திக் கத்தி வந்த தடிப்பாம். ஆபீஸில் ரொம்பக் கத்துவேனா என்று டாக்டர் கேட்டார். வெங்கிடேஷ் முந்திக்கொண்டு, "ஆபீஸிலே இல்லை ஸாரே, சனிக்கிழமை தோறும் பாட்காஸ்டிலே, நாச்சியாரோட" என்று போட்டுக்கொடுத்துவிட்டார். இனி பேசலாம், கத்தக்கூடாது.

ஆகவே நமக்குச் சண்டை வராத தலைப்பு வேண்டும். கோயில், சினிமா, பஸ், பிள்ளை வளர்ப்பு என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீ தப்பாகத்தான் பேசுவாய். தெரிந்த விஷயத்தில்தானே சண்டை வருகிறது? நம் இருவருக்கும் ஒன்றுமே தெரியாதது உன் வீட்டுக்கு எதிரே இருக்கிறது. அந்தத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் என்னதான் இருக்கிறது, யார் ஓட்டுகிறார்கள், இங்கிருந்து எங்கே போகிறார்கள்? போய்க் கேட்போம், வா.

உன்,
பத்மஜா

விழிஞ்ஞம்,
20.9.2025

அன்புள்ள பத்மாவுக்கு,

கடிதத்தை வாங்கி வாசலில் நின்றே படித்தேன். நான் சத்தமாகச் சிரித்ததில் தபால்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு இப்போதுதான் மூச்சு வந்திருக்கிறது.

கப்பல் நல்ல தலைப்பு. ஆனால் துறைமுகம் என் வீட்டுக்கு எதிரே இல்லை, பின்னால். எத்தனை முறை வந்திருக்கிறாய், அதுகூடவா தெரியாது? தெரியாத விஷயத்திலும் நீ தப்பாகத்தான் ஆரம்பிக்கிறாய்.

இத்தனை நாளும் பழைய பதிவுகளைப் போட்டு நீ என்னைத் திட்டும் இடங்களையே கேட்டுக்கொண்டிருந்தேன், இனி அந்தக் குரல் இல்லாமல் போய்விடுமோ என்று. அடுத்த சனிக்கிழமை வா. கத்தாதே, மெதுவாகத் திட்டு. எனக்கு அது போதும்.

உன்,
நாச்சியார்